சீல் வைத்த கறுப்பு

திருப்பூரில் சாம்பிள் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. துணிக்குச் சாம்பிள், பொத்தானுக்குச் சாம்பிள், பொத்தானைத் தைக்கிற நூலுக்குச் சாம்பிள், எல்லாவற்றையும் போட்டு அனுப்புகிற பாலிதீன் பைக்கும் சாம்பிள். வெளிநாட்டுக்காரன் ஒரு தடவை பார்த்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டிவிட்டால் அதற்குச் சீல் சாம்பிள் என்று பெயர். அதற்குப் பிறகு பிரம்மனே இறங்கி வந்தாலும் அதில் ஒரு தையலை மாற்ற முடியாது. இந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூடப் போட்டோவையும் ஆளையும் வெளிச்சத்தில் நிறுத்தி ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள் என்பது கோயம்புத்தூர்க்காரர்கள் கட்டிவிட்ட கதை. முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது.

இந்தப் பழக்கம் துணியோடு நின்றிருந்தால் செந்தில்வேலுக்கு ஒரு வம்பும் வந்திருக்காது. அவன் துணிக்காரன் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் மங்கலத்தில் தறி ஓட்டிக்கொண்டிருக்க, அவன் மட்டும் எவர்சில்வர் பட்டறை வைத்தான். சாயப்பட்டறை மெசின்களுக்கு உள்ளே போகிற தகடு, தட்டு, குழாய் எல்லாம் செய்வான். "செந்தில்வேல் வேலையா, சுத்தமா இருக்கும்" என்று மங்கலம் ரோட்டில் நாலு பேர் சொல்வார்கள். பட்டறையில் சொத்து என்று இருந்தது அந்த ஒரு சொல்தான். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஆறுமுகசாமி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆறுமுகசாமி பெரிய ஏற்றுமதிக்காரர். அவருடைய ப்ளீச்சிங் ஆலையில் கைக்குழந்தைகளுக்கான வெள்ளைத் துணி மட்டும்தான் வெளுப்பார்கள். மெசினுக்குள் ஈரத்துணி நின்று நின்று உரசிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு சல்லடைத் தகடு உண்டு. உடம்பெல்லாம் ஓட்டை உள்ள எவர்சில்வர் தகடு. பழையது தேய்ந்துபோய்ப் புதிது தேவைப்பட்டது.

"தம்பி, பொறந்த கொழந்த போடற துணி. ஒரு பொட்டுக் கறை பட்டாலும் ஆர்டர் போயிருமுங்க. ஓட்டை ஓரமெல்லாம் பளபளன்னு இருக்கோணும். நல்லாச் செஞ்சு குடுத்தீங்கன்னா என்ற ஆலை வேலை முழுக்க உங்களுக்குத்தான். கறை விட்டுச்சுன்னு வெச்சுக்குங்க, அப்புறம் இந்த ஊர்ல நீங்க சோத்துத் தட்டுகூடச் செய்ய முடியாதுங்க" என்றார் ஆறுமுகசாமி. கொங்கு நாட்டில் வயிற்றில் அடிப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

செந்தில்வேல் கும்பிட்டுவிட்டு எழுந்தபோது ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"வெட்டறதை மட்டும் நம்ம மையத்துலயே வெட்டிக்குங்க. நானே அங்க வேலை குடுக்கலீன்னா ஊரு சிரிக்குமுங்க."

நம்ம மையம் என்று அவர் சொன்னது லேசர் வெட்டுப் பொதுப்பயன் மையத்தை. துணி ஏற்றுமதிக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருந்த கோட்டா முறை முடிந்த புதிதில், தொழில் செய்கிற ஊர்களுக்கெல்லாம் மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்த மெசினுக்கு மானியம் அதிகம் என்று பார்த்து, லேசர் வெட்டு மெசின் என்று எழுதிப் போட்டார்கள். வந்து இறங்கிய பிறகுதான் அது துணி வெட்டுவதில்லை, உலோகம் வெட்டுவது என்று தெரிந்தது. திருப்பி அனுப்பினால் மானியமும் கூடவே திரும்பிப் போகும். அதனால் தெரிந்தேதான் வாங்கினோம் என்று தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். நிர்வாகக் குழுவில் இருந்த அத்தனை பேரும் பனியன்காரர்கள். தலைவர் ஆறுமுகசாமி.

மெசினை ஓட்டியது ஆரோக்கியராஜ் என்ற தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். செந்தில்வேலுக்கு லேசர் புதிது. வெளிச்சம் வெட்டும் என்று கேள்விப்பட்டிருந்தான். மெசினுக்குப் பக்கத்தில் எதற்கு இத்தனை சிலிண்டர் என்று அவனுக்குப் புரியவில்லை.

"வெளிச்சம் உருக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. உருகினதை ஊதித் தள்ள ஒரு வாயு வேணும்லா" என்றார் ஆரோக்கியராஜ். "சாதா இரும்புன்னா ஆக்ஸிஜன். அது இரும்பைக் கொளுத்திக்கிட்டே வெட்டும், வேலை சட்டுன்னு முடியும். ஓரம் கருக்கும். பெயிண்ட் அடிக்கப் போற இரும்புதானே, போவுது. எவர்சில்வருக்கு நைட்ரஜன்தான். அது கொளுத்தாது, சும்மா ஊதித் தள்ளும். ஓரம் பளபளன்னு நிக்கும். எவர்சில்வரைப் போயி ஆக்ஸிஜன்ல வெட்டினா ஓரம் கருகிரும். கருகின எடத்துல ப்ளீச்சிங் தண்ணி பட்டா துருப் புடிக்கும் பாத்துக்கிடுங்க."

"அப்ப நமக்கு நைட்ரஜனுங்க."

"நமக்கு நைட்ரஜன்தான்" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியராஜ் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள், பாலிதீன் உறையில், சிவப்பு அரக்கு முத்திரையோடு ஒரு வேல் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். அது மையத்தின் முதல் வெட்டு. திறப்பு விழா அன்று நைட்ரஜன் ஏற்றி வந்த வண்டி பல்லடத்தில் பஞ்சராகி நின்றுவிட்டது. கையில் இருந்தது ஆக்ஸிஜன் மட்டும். நல்ல நேரமோ முடியப் போகிறது. இருந்ததை வைத்து எவர்சில்வர் தகட்டில் முருகனுடைய வேல் ஒன்றை வெட்டி எடுத்தார்கள். ஓரமெல்லாம் கருகிக் கன்னங்கரேல் என்று வந்தது. ஆரோக்கியராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தலைவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறுப்பு பார்டர் போட்ட வேட்டியாட்டம் என்ன லட்சணமுங்க" என்றார். குழுவினர் கைதட்டினார்கள். கைதட்டிய கையோடு எல்லோரும் கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு, சீல் வைத்துவிட்டார்கள். பழக்க தோஷம். அன்றிலிருந்து அதுதான் மையத்தின் சீல் சாம்பிள். வாசலைத் தாண்டிப் போகிற எந்தத் துண்டின் ஓரமும் அந்த வேலின் ஓரத்தோடு ஷேடு ஒத்துப்போக வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. அதுவரை வந்ததெல்லாம் சாதா இரும்பு வேலை என்பதால் எல்லாம் கறுப்பாகவே வந்து, எல்லாம் ஒத்துப்போய்க்கொண்டிருந்தது. முதன்முதலாக எவர்சில்வர் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன் செந்தில்வேல்தான்.

ஆரோக்கியராஜ் ஒரு சிறு துண்டை நைட்ரஜனில் வெட்டிக் கொடுத்தார். ஓரம் வெள்ளிக் கொலுசு போல மின்னியது. செந்தில்வேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஷேடு பிரிவுக்குப் போனான். அங்கே பொறுப்பில் இருந்த விஜயராணி, முன்பு தலைவரின் கம்பெனியில் துணிகளுக்கு ஷேடு பார்த்துக்கொண்டிருந்தவர். துணிக்கு வைத்திருந்த அதே விளக்குப் பெட்டிக்குள் எவர்சில்வர் துண்டை வைத்தார். முதலில் பகல் விளக்கு, பிறகு துணிக்கடைகளில் எரிகிற விளக்கு, பிறகு மஞ்சள் விளக்கு. மூன்றிலும் உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப லைட்டா இருக்குதுங்க."

"மேடம், எவர்சில்வர் நெறமே அதுதானுங்க."

"உலோகத்தப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாதுங்க, எனக்குத் தெரியாது. சாம்பிள் கறுப்பு. உங்க பீஸ் வெள்ளை. இது ஷேடு வேரியேஷன்" என்று ரிஜெக்ட் முத்திரையைக் குத்தினார். குத்திய மை எவர்சில்வரில் ஒட்டாமல் வழிந்தது. அதையும் ஒரு குறையாக எழுதிக்கொண்டார்.

விதியில் ஒரு வழி இருந்தது. புது ஷேடு வேண்டுமானால் மூன்று மாதிரிகள் கொடுத்து, குழுவிடம் ஒப்புதல் வாங்கலாம். செந்தில்வேல் ஆக்ஸிஜனில் ஒன்று, நைட்ரஜனில் ஒன்று, வெறும் காற்றில் ஒன்று என்று மூன்று துண்டுகள் வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி, ஒன்று லேசான மஞ்சள். குழு கூடியது. முந்திரிப் பருப்பும் டீயும் வந்தன. தலைவர் சட்டைப்பையில் வெள்ளி பேட்ஜ் ஒன்றைக் குத்திக்கொண்டு துண்டு போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த பேட்ஜ் குத்தியிருந்தால் அவர் தலைவர். கழற்றிவிட்டால் கம்பெனி முதலாளி. இரண்டையும் அவர் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

"மூணாவது பரவால்லீங்க" என்றார் ஒரு உறுப்பினர். "ஆனா அரை ஷேடு டார்க் பண்ணோணும்."

"எனக்கு ஒண்ணாவதும் புடிச்சிருக்குது, ரெண்டாவதும் புடிச்சிருக்குது" என்றார் கலப்பு நூல் ஏற்றுமதி செய்பவர். "ரெண்டையும் கலந்தா என்னங்க? ஆக்ஸிஜன் அறுபது, நைட்ரஜன் நாப்பது. காட்டனும் பாலியெஸ்டரும் கலக்கறாப்புல."

ஆரோக்கியராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கலந்தா கருகத்தான் செய்யும் சார்" என்றார் அவர்.

"துவைச்சாச் சாயம் போகுமுங்களா?"

"சார், அது எவர்சில்வர்."

"அதுதான் கேக்கறோம்."

அடுத்து ஒருவர் நைட்ரஜனில் தடை செய்யப்பட்ட சாயம் ஏதும் கலந்திருக்கிறதா, அதைக் குழந்தைத் தொழிலாளர் யாரும் தயாரிக்கவில்லையே, அது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் அவரிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் அவை. கேட்டே பழக்கம் இல்லாத அவருக்கு, கேட்கக் கிடைத்த ஒரே இடம் இந்த மையம்.

"காத்துலேர்ந்துதான் பிரிச்சு எடுக்காவ சார். நம்ம மூச்சு விடுத காத்துல முக்காவாசி நைட்ரஜன்தான்" என்றார் ஆரோக்கியராஜ்.

தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"நம்மூர்க் காத்துலயுமா?"

"எல்லா ஊர்க் காத்துலயும் சார்."

"திருப்பூர்க் காத்து எக்ஸ்போர்ட் குவாலிட்டி இல்லீங்களே" என்றார் தலைவர் வருத்தத்தோடு. இதை யாரும் மறுக்கவில்லை. நைட்ரஜனின் பூர்வீகத்தைப் பற்றி விசாரிக்கத் துணைக்குழு ஒன்று போடப்பட்டது. அது கொடைக்கானலுக்குப் போய் அங்குள்ள காற்றைப் பார்த்துவிட்டு வருவதாக முடிவாயிற்று.

துணைக்குழு மலையில் இருந்த காலத்தில் மூன்று துண்டுகளும் சோதனைக்கூடத்துக்குப் போயின. சோதனைக்கூடத்தில் இருந்ததெல்லாம் துணிச் சோதனைதான். தகட்டைத் துவைக்கும் மெசினில் சோப்புப் போட்டு ஓட்டினார்கள். தகடு தப்பித்தது, மெசின் தப்பிக்கவில்லை. பிறகு சுருக்கம் அளந்தார்கள். நீளவாக்கில் பூஜ்யம், அகலவாக்கில் பூஜ்யம் என்று வந்தது. சோதனைக்காரர் நடுங்கிப்போனார். அவர் சர்வீஸில் எந்தப் பொருளும் சுருங்காமல் இருந்ததில்லை. பூஜ்யம் என்று எழுதினால் ஆளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பேசுவார்களே என்று பயந்து, மூன்று சதவீதம் என்று எழுதினார். அது அனுமதிக்குள் இருந்ததால் எல்லோரும் நிம்மதியானார்கள்.

கடைசியாக வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார்கள். நைட்ரஜன் துண்டு துணியை அப்படியே விட்டது. ஆக்ஸிஜன் துண்டு துணியில் கரிய தடம் விட்டது. செந்தில்வேலுக்கு உயிர் வந்தது. உண்மை தானாகவே வெளியே வந்துவிட்டதே என்று மகிழ்ந்துபோய், அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு விஜயராணியிடம் ஓடினான்.

அவர் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தடத்தோட ஷேடு சீல் சாம்பிளோட நல்லா மேட்ச் ஆகுதுங்க."

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் செந்தில்வேல் தலைவரையே நேரில் பார்ப்பதென்று முடிவு செய்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆள். பேசினால் காரியம் முடிந்துவிடும் என்று அவன் நம்பியதில் தப்பு ஒன்றும் இல்லை. டோக்கன் வாங்கி, காத்திருந்து, உள்ளே போனான். ஆறுமுகசாமி பேட்ஜோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இது உங்க ஆலைத் தகடுங்க. ஓரம் பளபளன்னு வேணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"நான் எங்கீங்க சொன்னேன்?"

"உங்க ஆபீஸ்லீங்கய்யா. போன மாசம்."

"அது கம்பெனிங்க தம்பி. இது மையம். கம்பெனிக்காரங்க ஆயிரம் கேப்பாங்க. ஒரு கம்பெனிக்காக விதியைத் தளர்த்தினா நாளைக்கு ஊரு என்ன பேசும்? அதுவும் என்ற சொந்தக் கம்பெனிக்கு. நான் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க."

"தகடு கறுப்பா வந்தா துருப் புடிக்குமுங்க. உங்க துணிதானுங்க கறையாகும்."

ஆறுமுகசாமி அவனைக் கனிவோடு பார்த்தார். உட்காரச் சொல்லி ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினார்.

"தம்பி, நீங்க வயசுல சின்னவரு. ஒரு விசயம் சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. ஒரு காலத்துல நாம செய்யறது நல்லாயிருக்குதா இல்லையான்னு நாமளே பாத்துட்டிருந்தோமுங்க. அதனால பக்கத்து ஊரைத் தாண்டல. இன்னைக்கு நல்லாயிருக்குதான்னு யாராச்சும் பாக்கறாங்களா? சாம்பிளாட்டம் இருக்குதான்னு மட்டும்தான் பாக்கறோம். அதனாலதான் கடல் தாண்டிப் போறோம். சாம்பிள் தப்பா இருக்கலாமுங்க. எத்தனையோ தடவ தப்பாத்தான் இருக்கும். தப்பு அணுப்பிசகாம அப்படியே வருதா, அங்கதானுங்க தரம் இருக்குது. சரியாச் செய்யறதுக்கு எவன் வேணாலும் இருக்கான் தம்பி. சொன்ன தப்பைச் சொன்னபடி செய்யத்தான் ஆளில்லை."

வெளியே வந்தவன் ஆரோக்கியராஜிடம் போய் நின்றான். அவர் இவன் முகத்தைப் பார்த்தே ஆக்ஸிஜன் வால்வைத் திறந்தார். தகடு சீக்கிரமாக வெட்டுப்பட்டு, ஓட்டைக்கு ஓட்டை கருகி, விதிப்படி வந்தது. தகட்டின் வெளி ஓரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், நூற்றுக்கணக்கான ஓட்டைகளுக்குள் எதை விட்டுத் தேய்ப்பது? விஜயராணி அப்ரூவ்டு முத்திரை குத்தினார். கறுப்பில் மை நன்றாகப் பிடித்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். செந்தில்வேலை இரண்டு பக்கமும் அடித்தது ஒரே கை.

ஆலைக்குக் கொண்டுபோனபோது ஆறுமுகசாமி பேட்ஜ் இல்லாமல் இருந்தார். தகட்டைப் பார்த்து முகம் சுளித்தார். பளபளப்பு எங்கே என்று கேட்டார். செந்தில்வேல் நடந்ததைச் சொன்னான். மையத்தின் முத்திரையைத் தடவிப் பார்த்தவர், "மையம் பாஸ் பண்ணிருச்சா. அப்பச் சரிதானுங்க. அங்க சாமானியத்துல பாஸ் பண்ண மாட்டாங்க" என்று மாட்டச் சொல்லிவிட்டார். செந்தில்வேல் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். கறை வரும் என்று அவனுக்குத் தெரியும். எப்போது வரும் என்பது மட்டும்தான் தெரியாது.

"ஏனுங்க, பட்டறைக்குப் போகலீங்களா?" என்று மனைவி சத்யப்பிரியா கேட்டாள்.

"கூப்புட்டு அனுப்புவாங்க கண்ணு. அதுக்குத்தான் உக்காந்திருக்கறேன்."

கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆலையில் நீளமான மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தார்கள். ஓட்டைகள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில், சீரான இடைவெளியில், துணி நெடுக இளம் பழுப்புப் புள்ளிகள். ஆறுமுகசாமி மையத்தின் தலைவருக்கு ஒரு புகார்க் கடிதத்தைக் கோபத்தோடு சொல்லச் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். மையத்தை நடத்துகிறவர்களுக்கு எவர்சில்வர் என்றால் என்னவென்று தெரியுமா, தலைவர் என்ற ஒருவர் அங்கே இருக்கிறாரா, தூங்குகிறாரா என்றெல்லாம் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டு ஆளிடம் கொடுத்தனுப்பினார்.

பிறகு செந்தில்வேல் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களை நம்பினேன் பாருங்க" என்று தொடங்கினார். செந்தில்வேல் தலையைக் குனிந்துகொண்டான். பட்டறையின் பெயர்ப்பலகை கண்முன் வந்தது.

அந்த நேரத்தில்தான் துணி வாங்குகிற வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே வந்தார். அவர் வரவேண்டியது அடுத்த நாள். மேசைமேல் கிடந்த துணியை யாரும் சுருட்டுவதற்குள் கையில் எடுத்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இந்த ஷேடுக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

ஆறுமுகசாமி ஏற்றுமதித் தொழிலில் சும்மா தலை நரைத்தவர் இல்லை. ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான் யோசித்தார்.

"நேச்சுரல் டாட்டுங்க மேடம். கைவேலை."

அந்தப் பெண்மணி பையிலிருந்து பேனாவை எடுத்துத் துணியின் மூலையில் கையெழுத்துப் போட்டார். துணி உறைக்குள் போனது. சீல் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததைச் செந்தில்வேலால் நம்ப முடியவில்லை. ஒரு மெசின் போதாது என்று ஆலையின் மற்ற மெசின்களுக்கும் அதே மாதிரித் தகடு கேட்டார் ஆறுமுகசாமி. ஊரில் மற்ற ஏற்றுமதிக்காரர்களும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவரிடம், "செந்தில்வேல் வேலையா, கறை கச்சிதமா விழும்" என்று சொன்னதை அவன் தன் காதால் கேட்டான். பாராட்டுத்தான். ஆனால் டீயை முழுதாகக் குடிக்க முடியவில்லை. இத்தனை வருசம் அழுக்குப் படாமல் காப்பாற்றிய சொல், இப்படிக் கறையோடு பெரிதாகிவிட்டதே என்று வயிறு எரிந்தது.

எரிந்தாலும் வேலை வேலைதானே. தகடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனான். சுவரைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். கறுப்பு வேல் அங்கே இல்லை. அந்த இடத்தில் இன்னொரு வேல், ஓரமெல்லாம் வெள்ளியாக மின்ன, புது அரக்கு முத்திரையோடு தொங்கிக்கொண்டிருந்தது. மாலையும் புதிது.

"ஏதோ கம்பெனிக்காரர் காரசாரமாப் புகார் எழுதிட்டாராம் அண்ணாச்சி" என்றார் ஆரோக்கியராஜ். "தலைவருக்கு மனசு ரொம்பச் சங்கடமாப் போச்சு. அன்னைக்கே குழுவைக் கூட்டிச் சாம்பிளை மாத்திட்டாவ. இனிமே எதுவா இருந்தாலும் நைட்ரஜன்தான். சாதா இரும்புக்கும் நைட்ரஜன்தான். ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பூட்டிச் சாவியக் கொண்டுபோய்ட்டாவ."

ஆரோக்கியராஜ் தகடுகளை நைட்ரஜனில் வெட்டினார். விஜயராணி விளக்குப் பெட்டியில் வைத்துவிட்டு, "பர்ஃபெக்ட் மேட்ச்சிங்குங்க" என்று வாயாரச் சொன்னார். அன்று பட்டறையில் செந்தில்வேல் அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தான். ஓட்டை ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்தான். ஒரு பிசிறு இல்லை. சாப்பாடு கொண்டுவந்த சத்யப்பிரியா, "மூஞ்சி தெரியுதுங்க" என்றாள். அவன் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. சந்தோஷப்படலாமா வேண்டாமா என்று தெரியாமல், கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டான்.

ஆலையில் ஆறுமுகசாமி தகட்டைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்னங்க தம்பி இது, பளபளன்னு? இதுல எப்புடிங்க கறை விழும்? சீல் சாம்பிள்ல புள்ளி இருக்குது. சரக்குல புள்ளி இல்லீன்னா அந்தம்மா கப்பலையே திருப்பி அனுப்பிருமுங்க."

"மையத்துல ஆக்ஸிஜன் போட மாட்டேங்கறாங்கய்யா. விதியை மாத்திட்டாங்க."

"எவன் மாத்தினான்?"

"தலைவருங்க."

ஆறுமுகசாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேசைமேல், பேனாக்களுக்கு நடுவில், வெள்ளி பேட்ஜ் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீங்களாவது அந்தத் தலைவருகிட்ட ஒரு வார்த்த எடுத்துச் சொல்லக் கூடாதுங்களா?"

"நீங்களே சொன்னா..." என்று இழுத்தான் செந்தில்வேல்.

"நான் சொன்னா எங்கீங்க கேக்கப் போறாரு? சொந்தக் கம்பெனி வேற. ரொம்பக் கண்டிப்பான ஆளுங்க அவரு."

செந்தில்வேல் ஒரு தகட்டை மட்டும் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போனான். டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தான். மடியில் கிடந்த தகட்டில் அவன் முகம் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. சற்று நேரத்தில் வெளியே கார் வந்து நின்றது. ஆறுமுகசாமி சட்டைப்பையில் பேட்ஜைக் குத்திக்கொண்டே படியேறி வந்தார். பெஞ்சில் இருந்தவனைப் பார்த்ததும் நின்று, முகம் நிறையச் சிரித்தார்.

"வாங்க தம்பி, பாத்து ரொம்ப நாளாச்சு. என்ன விசயமா வந்தீங்க?"